கிளி இல்லாத லேபிள்

கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜமணி பழைய தீப்பெட்டி லேபிள்களைச் சேர்ப்பவர். தோளில் கிளியோடு ஒரு பெண் நிற்கும் கிளிக்காரி மார்க்கில் மட்டும் பல ரகங்கள் வைத்திருந்தார். கிளிக்குச் சிவப்பு மூக்கு, மஞ்சள் மூக்கு, கிளி இடது தோளில், வலது தோளில்.

லேபிள் தேடிப் பக்கத்து ஊரான இடைசெவலுக்குப் போனபோது, சீனித்தாய் என்பவளின் டிரங்குப்பெட்டியில் புதிதாக ஒன்றைப் பார்த்தார். அவள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் கொண்டுவந்த லேபிள்கள் மூடியின் உள்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தன. ஒன்றில் மட்டும் கிளியே இல்லை.

“இதைத் தாரீங்களாக்கா?”

“அது வேண்டாம் அண்ணாச்சி. எம் மவ உசுரோட இருக்கையில அவ கையால ஒட்டுனது. இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்.”

அவள் அடுப்படிக்குப் போனதும், ராஜமணி எச்சில் தொட்டு நனைத்து நகத்தால் அதை உரித்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியை மூடினார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் ஆல்பத்தைத் திறக்கவே கூசியது. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனார். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி வாய் திறக்கும் முன்பே சீனித்தாய் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

“கிளி இல்லாததைக் காணோம் அண்ணாச்சி. அந்த எடத்துல இது இருக்கு.”

மற்றவை போலவே பழுப்பேறி, ஓரம் பூச்சி அரித்த லேபிள். அதில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் தலைகுனிந்து நின்றார். ஒரு கை சட்டைப்பைக்குள் இருந்தது.

“இதையும் எம் மவதான் ஒட்டியிருக்கணும்” என்றாள் சீனித்தாய். “இந்த ரகம் உங்ககிட்ட இருக்கா?”

ராஜமணி கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்க முடியவில்லை.