ஓரத்தில் மட்டும் பேசிய தபலா

ஒருவர் மரம், ஒருவர் செம்பு. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், தட்டினால்தான் வாய் திறப்பார்கள். யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம், தபலா ஜோடிதான்.

மரத் தபலாவுக்கு அன்று நடுக்கம் தாங்கவில்லை. அது தில்லி பாணியில் வளர்ந்தது. அந்தப் பாணியில் இரண்டே விரல்கள், அதுவும் தோலின் ஓரத்தில்தான் விழும். சிறுமி நிலோஃபர் இதுவரை அப்படித்தான் வாசித்தாள். இன்றுமுதல் பனாரஸ் பாணி பழகப்போகிறாள். அதில் உள்ளங்கை முழுவதும் இறங்கும்.

"அண்ணே, என் தோல் கிழிஞ்சிடும்" என்றது மரம்.

"ஆட்டுத்தோலைப் போர்த்திக்கிட்டு வெங்காயத்தோல் மாதிரி பதறுறியே" என்றது செம்பு.

"சுருதி இறங்கிட்டா அடிக்க மாட்டா. விட்டுடுவா."

"அப்புறம் என்கூட யாருடா பேசுவா?"

நிலோஃபர் வந்து உட்கார்ந்ததும் மரம், தோலை இழுத்துப் பிடிக்கும் தன் வார்களைத் தளர்த்திக்கொண்டது. சுருதி பார்க்க அவள் ஒரு விரலால் தட்டினாள். ஈரத்துணியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. சுத்தியலால் அடித்து வார்களை இறுக்கினாள். ஒவ்வோர் அடியும் எலும்பில் இறங்கியது. மரம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தளர்ந்தது. அவள் மறுபடியும் அடித்தாள். உள்ளங்கை இன்னும் அதன்மேல் படவே இல்லை.

நிலோஃபர் சுத்தியலைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து வேறொரு மரத் தபலாவை எடுத்து, செம்பின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.