சம்பளமில்லாத ஆள்

“எந்த வயசு வரைக்கும் கணக்குப் போடட்டும் சார்?”

ஓய்வுக்காலச் சேமிப்புக்கு யோசனை சொல்லும் அந்த அதிகாரி, வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, “எழுபது போதும்மா. அதுக்கு மேல இருந்து என்னத்தைச் சாதிக்கப் போறோம்?” என்பார்கள். அவளும் தலையை ஆட்டிவிட்டு, சத்தம் போடாமல் எண்பத்தைந்து என்று தட்டிக்கொள்வாள். சாவு நம் வாயைப் பார்த்துக்கொண்டா வருகிறது?

இந்த மனிதர் மட்டும் யோசிக்கவே இல்லை.

“தொண்ணூறு போடுங்க மேடம்.”

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. எதிர் விளக்கில் மின்னுகிற முழு வழுக்கை.

“தொண்ணூறா?”

“தையலுக்குன்னு கொஞ்சம் கூட விட்டுத்தானே துணியை வெட்டணும்? பத்தாமப் போச்சுன்னா அப்புறம் என்ன பண்றது?”

ஆசாமிக்கு ஆயுள் மேல் ஆசை கொஞ்சநஞ்சமில்லை என்று நினைத்தபடி தட்டினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, வரிசை நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத புடவை. அழகாகப் பின்னித் தோள் வழியே முன்னால் விட்ட சடை.

“அம்மாவையும் உள்ள கூப்பிடுங்களேன். அவங்களுக்கும் தெரியணுமில்ல?”

“வேணாம் மேடம்.” குரல் இறங்கியது. “இது அவ காதுல விழ வேணாம்.”

அதிகாரிக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் பணத்தைப் பதுக்குகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

“சரி, மாசச் செலவைச் சொல்லுங்க.”

வாடகை, மின்சாரம், மருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கொஞ்சம் நிறுத்திச் செருமினார்.

“சமையலுக்கு ஒரு ஆள். துணி துவைச்சு மடிச்சு வைக்க ஒரு ஆள். வீடு பெருக்கித் துடைக்கணும். மருந்தை வேளாவேளைக்குக் கையில எடுத்துக் கொடுக்கணும்.”

“ம்.”

“ராத்திரி துணைக்கு ஒருத்தர் வேணும். அது பொம்பளை ஆளா இருந்தாத்தான் நல்லது.”

அவள் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. வெட்கமில்லாமல் கேட்கிறாரே!

“இந்த வேலையெல்லாம் இப்ப யார் சார் செய்யறாங்க?”

“ஒரே ஆள்தான் மேடம்.”

“சம்பளம்?”

“வீட்டு ஆளுக்கு என்ன மேடம் சம்பளம்?” லேசாகச் சிரித்தார். “அந்த ஆளுக்கும் வயசாகுதில்ல? என்னைக்காவது திடீர்னு இல்லாமப் போனா, வீடு அப்படியே நின்னுடக் கூடாது பாருங்க. அதுக்குத்தான் இந்தக் கணக்கே.”

அவளுக்குத் தன் அம்மா நினைவு வந்தது. ஆயுசு முழுக்க அடுப்படியில் வெந்தவள். அவள் போன மறுநாள் அப்பா கேட்ட முதல் கேள்வி, இனி யார் சமைப்பது என்பதுதான். அந்தக் கேள்வியை இவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. இந்த மனிதரோ ஒரு படி மேலே போய், மனைவி உயிரோடு இருக்கும்போதே, அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவள் இடத்துக்கு ஆள் தேடுகிறார்.

வெளியே பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் ஒரு முடிக்கற்றை அந்த அம்மாளின் கண்ணில் விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கக்கூடத் தோன்றாமல், கைகளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். அடங்கி அடங்கியே பழகிப்போனவள் போலும். பாவமாக இருந்தது.

“உங்க பணம் இத்தனை ஆளுக்குத் தாங்காது சார்,” என்றாள், கொஞ்சம் கடுப்போடே. “எழுபத்தஞ்சு வயசுலயே கரைஞ்சுடும். எதையாவது குறைங்க. ராத்திரி ஆள் கட்டாயம் வேணுமா?”

கட்டிங் மாஸ்டர் முகம் வாடிப்போனது.

“அதுல மட்டும் கை வைக்காதீங்க மேடம். பத்தலைன்னா நான் ஓய்வுக்கு அப்புறமும் எங்கயாவது வேலைக்குப் போறேன். உடம்பு ஓடற வரைக்கும் ஓடட்டும்.”

‘சுகமாக இருக்க அவ்வளவு வெறி’ என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள்.

“வேற ஏதாவது உண்டா?”

“ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. தினமும் காலையில வந்து தலை பின்னி விட ஒரு ஆள்.”

அவள் நிமிர்ந்தாள். அந்த வழுக்கையையே பார்த்தாள்.

“யாருக்கு சார்?”

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

“அவளுக்குத்தான் மேடம். தொண்ணூறு போடச் சொன்னதும் அவளுக்குத்தான். ரெண்டு கையும் விளங்காமப் போச்சு. புள்ளைங்க கிடையாது. ‘எனக்கப்புறம்’னு நான் வாயெடுத்தாலே அழ ஆரம்பிச்சுடுவா. அதான் உள்ள கூப்பிடலை.”

அதிகாரி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். திரையில் அவர் பெயருக்குக் கீழே, அவர் வயதுக்கு நேரே தட்டி வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். வெளியே அந்த முடிக்கற்றை இன்னும் அதே இடத்தில் கிடந்தது. எவ்வளவு சுலபமாகத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று கூசியது.

“தலை பின்னி விடறதுக்கு…” குரலைச் சரிசெய்துகொண்டாள். “மாசம் எவ்வளவுன்னு போடட்டும் சார்?”

கட்டிங் மாஸ்டர் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“தெரியலையே மேடம். இத்தனை வருஷமா நான்தானே பின்னி விடறேன்!”