மகாராணிக்குச் சர்க்கரை

"எனக்குக் கஞ்சி, மகாராணிக்குக் கோழிக்கறியா?"

தையல்காரர் தன் தட்டைப் பார்த்தார். பிறகு தரையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். உப்பில்லாமல் வேகவைத்த கறியில் ஆவி பறந்தது. மகாராணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பதுபோல் சாப்பிடத் தொடங்கியது.

"மெதுவா பேசுங்க. அதுக்குச் சர்க்கரை வியாதி" என்றாள் மனைவி.

"சர்க்கரை அதுக்கு. பத்தியம் எனக்கா?"

மகாராணி என்பது அவர் வைத்த பெயர். பூனை வீட்டுக்காரம்மாவுடையது. அந்த மூன்று மாடிக் கட்டடமும் அவருடையதுதான். வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் கிளம்பிய அன்று, பூனையைத் தையல்காரர் கையில் கொடுத்து, எல்லாக் குடித்தனக்காரர்களும் கேட்கும்படி மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"சோறு, பால், ரொட்டி எதுவும் கூடாது. வெறும் கறி, மீன்தான். காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. மருந்து வாங்கி வச்சிருக்கேன், சாப்பாடு உங்க பொறுப்பு. நான் வர்றப்ப இது நல்லா இருந்தா, நீங்க இருக்கற வரைக்கும் இந்த வீடு உங்களுக்குத்தான். இதுக்கு ஏதாவது ஆச்சு, அன்னிக்கே காலி பண்ணிடணும்!"

அந்த வாடகைக்கு ஊரில் கோழிக்கூடுகூடக் கிடைக்காது. தையல்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

"இத்தனை பேர் இருக்க, நம்மளை நம்பித்தானே குடுத்தாங்க?" என்று மனைவிக்குப் பெருமை வேறு.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்பவர்கள், பூனையைக் கட்டித் தீனி போட்டுப் பார்த்ததில்லை. சர்க்கரைப் பூனைகளுக்கென்றே டப்பாவில் வரும் சாப்பாட்டின் விலையைக் கேட்டு, "பூனைக்குத்தான் கேட்டேன், புலிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் கடையைவிட்டு இறங்கினார்.

கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கடை மூடும் நேரத்தில் கோழிக்கடைக்காரர் கழுத்தும் ஈரலும் சும்மா தருவார். பதிலுக்கு இவர் அவருடைய துணிகளைச் சும்மா தைத்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு ஒன்பது பேர் கொண்ட குடும்பம் என்பதும், ஒன்பது பேரும் துணியைக் கிழிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதான் ஊரில் கேட்பார்கள். யார் ஊசி போடுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

"நீங்கதானே இத்தனை வருஷமா ஊசி பிடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"அது துணிம்மா. திருப்பிக் கடிக்காது!"

வாரம் தவறாமல் வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன் வரும். "பூனை இருக்கா?" என்பார். "இருக்கும்மா" என்பாள் மனைவி. உடனே அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

"எங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே. எடுத்ததும் பூனைதான். எவ்வளவு பாசம் பாருங்க!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒருநாள் கோழிக்கடை திறக்கவில்லை. ஒரு வேளையில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தையல்காரர் பாலில் ரொட்டியை நனைத்து வைத்தார். மகாராணி அதை வழித்து நக்கியது. பிறகு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாணக் கோட்டின் மேலேயே அத்தனையையும் இறக்கியது. அப்புறம் மூலையில் போய்ப் படுத்தது, தலையைத் தூக்கவில்லை.

கோட்டைப் பற்றிக் கத்த வாயைத் திறந்தவர், அப்படியே பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிம்மா. உன் காலைப் பிடிக்கிறேன். இந்த வயசுல சட்டி பானையோட எங்களைத் தெருவுல நிக்க வச்சிடாதே."

பயம் வீட்டுக்காக மட்டும் இல்லை என்பது, அதன் காதை அவர் தடவிக்கொடுத்தபோது அவருக்கே தெரிந்தது. விடிந்ததும் அது எழுந்து வந்து அவர் காலில் உரசியபோது, பார்க்க ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு கொஞ்சம் அழுதார்.

அதற்குப் பிறகு அவர் கடை டீயை நிறுத்தினார். அந்தக் காசு மீனாக மாறியது. மகாராணி மெத்தென்று ஆயிற்று, இவருடைய சட்டை தொளதொளவென்று ஆயிற்று.

சில மாதங்கள் கழித்து, பூனை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊசியை நிறுத்திடலாம். வெறும் கறியா போட்டா சில பூனைங்களுக்குச் சர்க்கரை அடங்கிடும். ஆனா இது இப்படித் தேறும்னு நான் நினைக்கவே இல்ல. அப்படி என்ன போட்டீங்க?"

"என் பங்கை" என்றார் தையல்காரர்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்த அன்று, மனைவி மகாராணியைச் சீவிச் சிங்காரித்து வைத்திருந்தாள். குடித்தனக்காரர்கள் எல்லோரும் படியில் கூடிவிட்டார்கள். தையல்காரர் பூனையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். ஒரு கையால் தூக்கும் எடையில் அது இல்லை.

"இனி ஊசியே வேண்டாமாம், அம்மா. இன்னும் பத்து வருஷம் இருக்கும்னு டாக்டரே சொல்லிட்டார்!"

வீட்டுக்காரம்மா அசையாமல் நின்றார். அவர் கண்கள் கலங்கின.

"சந்தோஷத்துல பேச்சே வரல, பாவம்" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"சொன்ன சொல் சொன்னதுதானேம்மா? வீடு இனி அவங்களுக்குத்தானே?" என்று மேல்படியிலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது வீட்டுக்காரம்மாவின் பின்னாலிருந்து, கையில் அளவெடுக்கும் டேப்போடு, யாருக்கும் தெரியாத ஒரு ஆள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, டாக்டரே கைவிட்ட பூனை, இந்த மாசம் போயிடும், அடுத்த மாசம் போயிடும், உடனே இவங்களைக் காலி பண்ணிடலாம்னு சொல்லித்தானே என்கிட்ட அட்வான்ஸ் வாங்கினீங்க? இதைப் பார்த்தா நமக்கெல்லாம் பால் ஊத்திட்டுத்தான் போகும் போலிருக்கே!"