மேஜர் பொண்ணு

"செத்த நேரம் தனியாப் பேச விடுங்க மேடம். அம்புட்டுத்தான் கேக்குறேன்."

உடையப்பன் கையைக் கூப்பியபடி நின்றார். இன்ஸ்பெக்டர் லிடியா இரங்குவதாகத் தெரியவில்லை.

அகரத்தில் கத்தரியும் தக்காளியும் போட்டிருக்கும் விவசாயி அவர். ஒரே மகள் கௌசல்யா. காலேஜ் முடித்துவிட்டு நாகல் நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே டெக்னீஷியனாக இருந்த பிரின்ஸை நேற்றுப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பாதவள், இன்று காலை அவனோடு பாதுகாப்பு கேட்டு மகளிர் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்துதான் போன் போட்டு அப்பா அம்மாவை வரச் சொன்னார்கள்.

லிடியா அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள். "அப்பாகூடத் தனியாப் பேசுறியாம்மா?"

கௌசல்யா குனிந்த தலையை நிமிர்த்தாமல் வேண்டாமென்று ஆட்டினாள்.

"அவ்வளவுதாங்க. என்ன சொல்லணுமோ இங்கயே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

தனியாக என்றால் உடையப்பன் நிறையச் சொல்லியிருப்பார். அம்மா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று. ஊரில் இன்னும் யாருக்கும் விஷயம் தெரியாது என்று. இப்போது வந்தால்கூட ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்று. காக்கி உடுப்புகளுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் நின்றுகொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"வீட்டுக்கு வா தாயி" என்று மட்டும் சொன்னார்.

கௌசல்யா அழுதாள். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

உடையப்பனின் மச்சான் சடையாண்டி கட்சிக்காரர். வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. அந்தப் பக்கம் பெரிய ஆள் போலிருக்கிறது. லிடியா எழுந்து நின்றுதான் பேசினாள். ஆனால் பேசியதெல்லாம் ஒன்றுதான். பொண்ணு மேஜர் சார், பொண்ணு மேஜர் சார். போனை வைத்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

சடையாண்டிக்கு ஆத்திரம். பையன் போகிற சர்ச்சுக்குத்தான் இந்த அம்மாவும் போகும், இங்கே நமக்கு என்ன நியாயம் கிடைக்கப்போகிறது என்று மச்சானிடம் முணுமுணுத்தார். காதில் விழும்படிதான் முணுமுணுத்தார். எழுதிக்கொண்டிருந்த லிடியாவின் கை நிற்கவில்லை.

கடைசியாகச் சடையாண்டி மேஜை அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். வீட்டிலிருந்த நகையைப் பையன் எடுத்துவிட்டான் என்று புகார் எழுதித் தருவதாகச் சொன்னார். ஒரு ராத்திரி அவனை உள்ளே உட்கார வைத்தால் போதுமாம். பிள்ளை பயந்துபோய்த் தானாக வந்துவிடுமாம்.

"எடுத்தானா?" என்று உடையப்பனைப் பார்த்துக் கேட்டாள் லிடியா.

உடையப்பன் மகள் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"போலீஸ் நெனைச்சா முடியாதா மேடம்?" என்றார் சடையாண்டி.

"முடியும். அதனாலதான் செய்யல."

அதற்குமேல் அவள் யாரையும் பேச விடவில்லை. கணவனோடு போகத்தான் விருப்பம் என்று பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு, துணைக்கு ஒரு கான்ஸ்டபிளையும் சேர்த்து இரண்டு பேரையும் அனுப்பி வைத்தாள். வாசலில் அம்மா அய்யம்மாள் மகளின் துப்பட்டா நுனியைப் பிடித்தாள். பிள்ளை திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

வண்டி கிளம்பியதும் உடையப்பன் லிடியா பக்கம் திரும்பினார். இனி எனக்குப் பிள்ளையே இல்லை என்றார். பெத்தவ மனசு தெரியாத பொம்பளைக்கு எதுக்கு இந்த உடுப்பு என்றார். சடையாண்டி அவரைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப்போனார்.

அய்யம்மாள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் வாய் திறக்கவில்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவுமில்லை. லிடியா தானே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். அய்யம்மாள் குடித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, ஒங்களுக்குப் பொம்பளப் பிள்ள இருக்கா?"

"இருக்கா."

"அது இப்படிப் போயிருந்தா விட்டுருப்பீகளா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். லிடியா அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"விடலம்மா. அப்ப வேற மாவட்டத்துல இருந்தேன். ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போயி, அவ கதறக் கதறக் கூட்டிட்டு வந்தேன். ஒங்க ஆளு சொன்னாரே, அதே மாதிரி அந்தப் பையன் மேல ஒரு கேஸும் போட்டேன். படிச்ச பையன். ஜெயிலுக்குப் போயிட்டு வந்து ஊரைவிட்டே போயிட்டான். ஏன் இப்படிப் பண்ணினேன்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

அய்யம்மாளின் மனசில் அந்தப் பையன் நிற்கவில்லை. அவள் கண்ணில் வேறொரு ஆசை தெரிந்தது.

"அப்ப பிள்ள ஒங்ககூடத்தான் இருக்கா?"

"என்கூடத்தான் இருக்கா. போட்டா சாப்பிடுவா. கேட்டா பதில் சொல்லுவா."

லிடியா வாசல் பக்கம் பார்த்தாள். வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஆனா அன்னையிலேருந்து என்னை மேடம்னுதான் கூப்பிடுறா."