ஆறுதல் எண்

தேவாலய சபை அலுவலகத்தில் தாய்மார்களுக்கான ஆறுதல் தொலைபேசி விடாமல் அடித்தது. வழக்கமாகப் பேசும் சகோதரி விடுப்பில் போனதால் அன்று ஒருநாள் உதவிக்கு வந்திருந்த அவள்தான் எடுத்தாள்.

"என்னால முடியல! காலையிலேர்ந்து ஒரு வாய் காபி குடிக்கல!" மறுமுனையில் அழாத குறை.

"பதறாதீங்க. என்ன ஆச்சு?"

"பெரியவ பாலைத் தரையெல்லாம் கொட்டிட்டா. சின்னவன் பைபிளைக் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டான்!"

அவள் மேஜையிலிருந்த 'தாய்மாருக்கு நூறு நன்றிகள்' கையேட்டைப் புரட்டினாள். "'சிந்திய பாலுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். வீட்டில் பால் இருந்ததால்தானே சிந்தியது?'ன்னு போட்டிருக்கு."

"யார் துடைக்கிறது?"

"அதுவும் இருக்கு. 'மண்டியிட்டுத் துடைக்கும்போதே ஜெபத்தையும் முடித்துவிடலாம்.'"

"இப்ப அதைப் படிச்சே ஆகணுமா?"

"ஏன், ரெண்டாயிரம் அம்மாக்கள் படிச்சிருக்காங்களே!"

"தெரியும்!" பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. இரண்டு குழந்தைகளும் ஒரே சுருதியில் வீறிட்டன. "அது கிடக்கட்டும். நீ எப்ப வீட்டுக்கு வருவ?"

"நாலு மணி ஆகும்ங்க. நீங்க எழுதின புத்தகத்தை இன்னும் எத்தனை அம்மாக்களுக்குப் படிச்சுக் காட்டணுமோ!" சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "ஆமா, ஞாயித்துக்கிழமை என்ன பிரசங்கம்?"

ஈரத் துணியைப் பிழியும் சத்தம்தான் முதலில் வந்தது.

"நன்றி சொல்றதைப் பத்தின்னு வச்சிருந்தேன்," என்றார் அவள் கணவர், அந்தச் சபையின் பாஸ்டர். "இப்ப மன்னிப்புக் கேக்கறதைப் பத்தின்னு மாத்திட்டேன்."