மறந்துபோன சுரூபம்

கூரைத் தகரத்தின் மேல் கடைசி மண்மூட்டையை வைத்துவிட்டு ஜெரிசன் கீழே குதித்தான்.

"அம்மா, இனி வானமே இடிஞ்சு விழுந்தாலும் உங்கடை கூரை பறக்காது."

றஜனி சிரிக்கவில்லை. அரிசி வாளியைப் பரணில் ஏற்றினாள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், புருஷன் அடைக்கலநாதனின் படம், எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

இரவு புயல் கரையைத் தொடுமாம். பொழுதுபடமுன் எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்று தேவாலய ஒலிபெருக்கி மூன்றாம் முறையும் சொல்லிவிட்டது.

கரையில் வள்ளங்களை ஏற்றும் வேலையும் முடிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். அடைக்கலநாதனின் வள்ளம்தான் வரிசையில் கடைசி, தண்ணீருக்கு மிகக் கிட்ட. ஜெரிசனே அதைப் பூவரச மரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தான்.

"புயல் அடங்கட்டும். சிமியோன் அண்ணை தன்ரை பழைய எஞ்சினைத் தாறனெண்டவர். அடுத்த கிழமை கடலுக்கு இறங்கிறன்."

"சுன்னாகத்திலை மாமான்ரை கடை இருக்கு. அவர் உன்னைக் கேட்டுக்கொண்டேதானே இருக்கிறார்."

"வெங்காயம் நிறுக்கவோ? அப்பான்ரை வள்ளம் இருக்குமட்டும் எனக்கு வேறை வேலை வேண்டாம், அம்மா."

இருபது வயது. தகப்பனின் அதே தோள், அதே பிடிவாதம். வள்ளத்தை விற்போம் என்று இந்த வருடத்திலேயே நாலு தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசியில், தனியாகக் கடலுக்குப் போனான் அடைக்கலநாதன். திரும்பவில்லை.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று அந்தோனியாரின் சுரூபத்துக்கு முன்னால் மூன்று நாள் முழங்காலில் நின்றாள் றஜனி. மூன்றாம் நாள் மாலை, வெறும் வள்ளம் மிதந்து வந்து கரை தட்டியது.

அந்தோனியார் வள்ளத்தைத் தந்தார். ஆளைத் தரவில்லை.

பாயும் தலையணையும் சுமந்துகொண்டு ஒழுங்கைச் சனம் முழுவதும் பாடசாலையை நோக்கி நடந்தது. முன்னால் போன பக்கத்து வீட்டுச் சிமியோன், அவள் தலையிலிருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, அடுப்பையும் கிளப்பிக்கொண்டு வாறியள் போலை."

ஒழுங்கை திரும்பும் முடக்கில் றஜனி சட்டென்று நின்றாள்.

"ஐயோ! அந்தோனியாரை விட்டிட்டு வந்திட்டன்."

"அவர் மீன்களோடையே கதைச்ச ஆளெல்லே? நீந்தி வந்திடுவார், நீங்கள் நடவுங்கோ."

நாலு பேர் சிரித்தார்கள். ஜெரிசன் மட்டும் பாயை இறக்கினான்.

"நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம். நீ சாமானோடை போ. நான் வாறன்."

தலைச்சுமையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

சுரூபம் மாடத்தில் இல்லை. மத்தியானமே அதைத் துணியில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தாள்.

எடுத்து முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள். பாடசாலைப் பக்கம் திரும்பவில்லை. கரைக்கு நடந்தாள்.

கரையில் ஒரு குருவி இல்லை. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடல் வழக்கத்தை விடப் பத்தடி கரைக்குள் ஏறி நின்றது.

பூவரச மரத்தில் ஜெரிசன் போட்ட முடிச்சு. தகப்பன் பழக்கிய முடிச்சு. கலியாணமான புதிதில் அவளுக்கும் அதை அடைக்கலநாதன் பழக்கியிருந்தான். வள்ளம் இழுக்க இழுக்க இறுகும். தொங்கும் தலைப்பைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும்.

வள்ளத்தின் முன்முனையை, அணியத்தை, ஒருமுறை தடவினாள். அடைக்கலநாதன் தன் பெயரைச் சிவப்பு வர்ணத்தால் எழுதியிருந்த இடத்தில் கை கொஞ்சம் நின்றது.

பிறகு தலைப்பை இழுத்தாள்.

கயிறு சத்தமில்லாமல் மணலில் விழுந்தது. ஏற்றுவதற்கு எட்டுப் பேர் வேண்டியிருந்தது. இறக்குவதைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

துணியை விலக்கிச் சுரூபத்தின் முகத்தைப் பார்த்தாள். மழையின் முதல் துளிகள் அதன் நெற்றியில் விழுந்தன.

"அந்தோனியாரே," என்றாள், "இந்த முறை தேடித் தராதேயும்."