பின்விளக்கு மட்டும்

மின்சாரம் வந்தபோது காலை பத்தேகால். கிரான் ஊரிலிருந்து வந்த சீதேவிப்பிள்ளை இரண்டு மணி நேரமாக ஸ்டூடியோவில் காத்திருந்தாள்.

"முன்னுக்கு இருக்கிற லைட்டை நிப்பாட்டுங்க தம்பி. பின்னால உள்ளது மட்டும் போதும்."

படம்பிடிக்கும் நல்லரத்தினம் சிரித்தான். "அது தலைக்கும் தோளுக்கும் ஓரத்துல கோடு விழுத்துறதுக்கு அக்கா. அது மட்டுமெண்டா முகம் இருட்டிப்போகும்."

"இருட்டட்டும்."

"கலியாணப் பொண்ணுகூட என்னட்ட இப்பிடிக் கேட்டதில்ல!"

அவள் முக்காட்டை விலக்கினாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கோயில் நேர்த்திக்கடனாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். பையிலிருந்து ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். பின்விளக்கு அவள் நெற்றியிலும் மூக்கிலும் நாடியிலும் மெல்லிய வெள்ளைக்கோடு இழுத்தது.

"ஆருக்கக்கா இந்தப் படம்?"

"காணாமப்போன ஆக்களைப் பதியிற கந்தோருக்கு. மகன்ட படம் கேக்காங்க. ஆமிக்காரன் படத்தைப் பாத்துப் பிடிப்பானெண்டு எல்லாத்தையும் நான்தான் எரிச்சன். மறுகா, படமில்லாமலே பிடிச்சுக்கொண்டு போயிற்றான். மூக்கும் நாடியும் அவனுக்கு என்டதுதான்."

நல்லரத்தினம் கமராவுக்குள் குனிந்தான். நிமிரவில்லை.

"பத்தொம்பது வயசு மாதிரித் தெரியுதா, தம்பி?"